வீடு தோட்டத்துடையது, பத்திரம் உங்களுடையது

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றாலும், ஆள்குறைப்பு வந்தாலும், வேறு வேலை தேடிப் போனாலும் லயத்து வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைக்க வேண்டியதுதான். ரிங்லெட், ஹபு, சுங்கை பாலாஸ், புளூவேலி என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்ட வாழ்க்கையின் பொது வழக்கு இது. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் அந்தச் சுவரில் உரிமை கிடையாது.

பட்டணத்தில் சொந்த வீடு உள்ளவருக்கு வீட்டு கிராண்ட் இருக்கிறது, மின்சார பில் இருக்கிறது, இருபது வருடமாக மாறாத விலாசம் இருக்கிறது. தான் யார் என்று காட்ட அவருக்குப் பத்து வழி. தோட்டத்தில் இருப்பவருக்கு ஒரு பை நிறையத் தாள்கள்தான். அந்தப் பை எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியுமா? இந்த மூன்று கேள்விக்கும் இன்று ராத்திரியே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். தோட்டம் ஆள்குறைப்புச் செய்தால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு என்றால் 15 நாள். ஐந்துக்கு மேல் 20 நாள். இருபது ஆண்டு கொழுந்து பறித்தவருக்கு 400 நாள் சம்பளம் வர வேண்டும். அந்த இருபது ஆண்டை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி சம்பளப் பதிவேடுகளை ஆறு ஆண்டுக்குக் குறையாமல் வைத்திருந்தால் போதும். அதற்கு முந்தைய செக்ரோல் கரையானுக்குப் போயிருக்கலாம், கம்பெனி கைமாறியபோது குப்பைக்கும் போயிருக்கலாம். பழைய கிராணியும் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்.

அப்போது உங்கள் பக்கம் பேசுபவை நீங்களே சேர்த்து வைத்த தாள்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், ஆண்டுக்கு ஓரிரு சம்பளச் சீட்டாவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப் அறிக்கை. எந்த முதலாளி, எந்த மாதம், எவ்வளவு கட்டினார் என்று அந்த அறிக்கை வரிவரியாகச் சொல்லும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஈபிஎஃப் இணையக் கணக்கான ஐ-அக்கவுன் திறக்காதவர்கள் இந்த மாதமே திறந்துவிடுங்கள். தாத்தா பாட்டிக்குக் கைப்பேசி ஓட்டத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும், அரை மணி நேர வேலை. கட்டாத மாதங்கள் இருந்தால் அப்போதே கேட்டுவிடலாம். ஓய்வு பெறும் வாரத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

தாள் இல்லாமல் தவித்த கதை

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் படையினர் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளிகளின் அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். அட்டை இல்லாதவரை ராணுவம் சந்தேகித்தது, அட்டை வைத்திருந்தவரை காட்டுக்காரர்கள் மிரட்டினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது தோட்டத் தொழிலாளி.

அடுத்த அடி 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். பல்லாண்டு இங்கேயே உழைத்தவர்கள், ஆனால் சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்கு எழுதிப் போடாதவர்கள், திடீரென்று அந்நியர் ஆனார்கள். பல்லாயிரம் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலும், தோட்டத்தை விட்டு ஜில்லா ஆபீசுக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்க முடியாமலும் விட்டுவிட்ட ஒரு விண்ணப்பம்தான் அத்தனைக்கும் மூலம்.

இலங்கை மலையகத்தில் இதே தேயிலை, இதே லயம், இதைவிடக் கொடுமை. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த தகப்பனுக்கு ஏது பிறப்புப் பத்திரம்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரித்தது. மிச்சமிருந்தவர்களுக்கு வழி திறக்க 2003இல் தனிச் சட்டம் வர வேண்டியிருந்தது.

மலேசியாவில் இந்தச் சிக்கல் இன்னும் முடியவில்லை. பத்திரப் பிரச்சினை உள்ள இந்தியர்களைப் பதிய 2011 பிப்ரவரியில் அரசு மைடஃப்தார் என்ற இயக்கத்தை நடத்தியது. டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா போன்ற அமைப்புகள் பிறப்புப் பத்திரம், குடியுரிமைச் சிக்கல்களில் உள்ளவர்களுக்குப் பல ஆண்டாகத் துணை நிற்கின்றன. பள்ளிச் சேர்க்கை, பேங்க் கணக்கு, லைசென்ஸ், பாஸ்போர்ட், கவர்மென்ட் ஆஸ்பத்திரிக் கட்டணம் எல்லாம் அடையாள அட்டையான ஐசியின் நிறத்தில் நிற்கின்றன. நீலம் குடியுரிமை, சிவப்பு நிரந்தர வாசம், பச்சை தற்காலிகம்.

ஒரு செய்தியை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாவில் பிறந்தவர்களுக்கு, அரசதந்திரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறந்த மண்ணே குடியுரிமை தந்தது. அந்த ஐந்து ஆண்டில் பிறந்து இன்னமும் சிவப்பு ஐசி வைத்திருக்கும் பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பத்திரம் கிடைத்தால் அதோடு, கிடைக்காவிட்டால் பிறந்த தோட்டம், தேதி, பெற்றோர் பெயரோடு ஜேபிஎன் எனப்படும் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிவைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

கவுண்டரில் நின்றபடியே படியுங்கள்

பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானால் தாமதப் பதிவு. அதற்குச் சாட்சிகளும் விசாரணையும் உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். பதிந்து முடித்து அதிகாரி பிறப்புப் பத்திரத்தை நீட்டும்போது அதை மடித்துப் பையில் போடாதீர்கள். அங்கேயே நின்று வரிவரியாகப் படியுங்கள். மலாய் சரியாக வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் தம்பி, தங்கச்சி யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாய் தந்தை ஐசி எண், கடைசியாகக் குடியுரிமை என்ற கட்டம். 'வார்கானெகாரா' என்று இருந்தால் குடிமகன். 'புக்கான் வார்கானெகாரா' என்று இருந்தால் அதே நிமிடம் ஏன் என்று கேளுங்கள், என்ன செய்யலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போகும்போதுதான் பல குடும்பங்களுக்கு இந்தக் கட்டம் கண்ணில் படுகிறது. பன்னிரண்டு வருடம் வீணாகப் போயிருக்கும்.

மைகாட் எனப்படும் ஐசியின் எண்ணையும் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பகாங் என்றால் 06, ஈப்போ ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பேராக்கின் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. எண்ணை வாங்கும்போதே ஒத்துப் பார்த்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் மிச்சம்.

குடியுரிமை கட்டத்தில் தவறு வருவதற்கு நம் சமூகத்தில் பெரிய காரணம் பதியாத கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டால் கல்யாணம் முடிந்தது என்று இன்னும் நம்புகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் கட்டாயம் பதியப்பட வேண்டும். பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் குடியுரிமை நிலையைத்தான் பின்பற்றும். தகப்பனிடம் நீல ஐசி இருக்கும். தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். பிள்ளை இந்த மலையிலேயே பிறந்தும் அந்நியராகப் பதிவாகும். பிள்ளை பிறந்த பிறகு ஓடிப் போய்க் கல்யாணத்தைப் பதிவது இந்தச் சிக்கலைத் தானாகத் தீர்ப்பதில்லை. தாலி கட்டும் முன்போ அதே நாளிலோ பதிந்துவிடுங்கள். பதிவு அதிகாரம் உள்ள கோயில்களும் இருக்கின்றன, முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கல்யாண வேலை செய்யும் பெரியவர்கள் பந்தல்காரரிடம் பேசுவதற்கு முன் ஜேபிஎன்னிடம் பேச வேண்டும் என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் சிவப்பு ஐசி பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை நீக்குகிறது. வீட்டில் சிவப்பு ஐசி இருந்தால் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போட இனி நேரமில்லை. பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தால் பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் கொடுத்த அன்று கிடைக்கும் எண் போட்ட சீட்டும் பிறப்புப் பத்திரத்துக்குச் சமமான மரியாதையோடு பைக்குள் போக வேண்டும். பதில் வர வருடங்கள் ஆகும், அந்த எண்தான் பிடி.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. பழைய காலத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார். லெட்சுமியின் கடைசி எழுத்து பிறப்புப் பத்திரத்தில் ஆங்கில 'ஐ'யாகவும் ஐசியில் 'ஒய்'யாகவும் இருக்கும், ஈபிஎஃப் கணக்கில் நடுவில் ஒரு 'டி' குறைந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்து கொடுக்கலாம், ஆணையர் முன் கையெழுத்து. ஆனால் அது பணம் எடுக்கப் போகும் நாளில் செய்யும் வேலை இல்லை. பையைத் திறந்து எல்லாத் தாளிலும் பெயரை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் இப்போதே திருத்தத்துக்குக் கொடுங்கள்.

பை எப்படி இருக்க வேண்டும்

நம் வீடுகளில் பத்திரம் இருக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: மைலோ டின், மெத்தைக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், சாமி மேடையில். சாமி மேடையில் வைப்பது பக்திதான், ஆனால் அங்கே விளக்கு எரிகிறது, எண்ணெய் சிந்துகிறது. பழைய லயங்களில் பலகைச் சுவர். தீப்பிடித்தால் முதலில் போவது அந்த மூலைதான். மெத்தைக்கு அடியில் என்றால் ஈரம். கேமரன் மலையில் பெரும்பாலும் 15 முதல் 25 பாகைதான், வருடம் முழுக்க மழை, காலை மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவரில் சாய்த்து வைத்த ஃபைலில் மூன்று மாதத்தில் பூஞ்சை பூக்கும்.

புத்தகக் கடையில் கிடைக்கும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர், ஏ4 தாள் மடியாமல் போகும் அளவு. அதற்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி சின்னக் கவர், மேலே பெயர். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். கவரை இன்னொரு தடித்த பைக்குள் வைத்து, தோளில் மாட்டும் பையாக, வாசலுக்குப் போகும் வழியில் உயரமான ஆணியிலோ அலமாரி மேல் தட்டிலோ வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெயில் அடிக்கும் நாளில் திறந்து, நிழலில் காற்றாட விட்டு மூடினால் போதும்.

லேமினேட் செய்வதைப் பற்றிக் கேட்பார்கள். பழைய கையெழுத்துப் பிறப்புப் பத்திரத்தைச் சூட்டில் ஒட்டினால் ஈரத் தாள் சுருங்கும், மை கசியும், முத்திரையையும் பின்பக்கக் குறிப்பையும் சோதிக்க முடியாமல் போகும். வேண்டாம். பேங்க் மெஷினும் கடை மெஷினும் தரும் வழுவழு ரசீது இன்னும் மோசம், சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். அவற்றை உடனே நகல் எடுத்துவிடுங்கள்.

மைகாட் மட்டும் பையில் இருக்கக் கூடாது. உடம்போடு இருக்க வேண்டும், சட்டம் அது. மலைச்சரிவில் இரண்டு பேர் பிடித்து ஓட்டும் கொழுந்து மெஷினோடு காலை முதல் நனைபவர்கள் கால்சட்டைப் பின்பையில் அட்டையை வைத்தால் சில்லு வளையும், கீறும். சின்ன ஜிப் கவரில் போட்டு, கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். இலையும் கத்தரியும் பிடித்துக் கைரேகை தேய்ந்துபோனவர்கள் பேங்கிலும் ஈபிஎஃப் கவுண்டரிலும் விரல் பதியாமல் திணறுவதுண்டு. போகும்போது பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரத்தையும் துணைக்கு எடுத்துப் போங்கள். விரல் பதியாது என்பதை வரிசையில் நிற்கும்போதே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது.

2013 அக்டோபர் 23 பின்னிரவில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் வேலிக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தன. உயிர்கள் போயின, வீடுகள் போயின. 2014 நவம்பரிலும் அதே வட்டாரம் சேற்றில் மூழ்கியது. நடு ராத்திரியில் வரும் தண்ணீர் எந்தத் தாள் எங்கே என்று தேட நேரம் தராது. தோளில் மாட்டும் பை என்று சொன்னது இதற்காகத்தான். பை கைக்கு எட்டவில்லை என்றால் விட்டுவிட்டு ஓடுங்கள். வெள்ளத்தில் பத்திரம் இழந்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் ஜேபிஎன் மாற்றுப் பத்திரம் தருவது வழக்கம். பிள்ளையைத் தூக்குங்கள்.

யாரிடம் கொடுக்கக் கூடாது

"அம்மா, ஒரிஜினலக் குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்." இந்த வாக்கியத்தில் தொலைந்த பத்திரங்களுக்குக் கணக்கே இல்லை. சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். உதவி செய்ய வந்த தலைவரின் ஆளாகவோ கோயில் கமிட்டிக்காரராகவோ இருக்கலாம். அவருக்குப் பதவி போகும், ஆபீஸ் மாறும், ஃபைல் காணாமல் போகும். பதில் மரியாதையாக இருக்கட்டும், ஆனால் மாறக் கூடாது: "இல்லீங்க ஐயா, காப்பி எடுத்துக்குங்க, ஒரிஜினல பாத்துட்டு இப்பவே குடுத்துருங்க." இலாகாவில் ஒரிஜினல் கட்டாயம் கேட்டால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு சீட்டு வாங்குங்கள். சீட்டு தரமாட்டேன் என்றால் பத்திரமும் தர வேண்டாம்.

மைகாட்டைப் பணயமாக வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. கட்டடக் காவலரோ விடுதிக்காரரோ வாடகை மோட்டார் கடைக்காரரோ கேட்டால் பெயரும் எண்ணும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வட்டிக்காரன், ஆலோங் விஷயம் இதைவிடக் கடுமை. ஐசியும் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் பிடித்து வைத்துக்கொண்டுதான் கடன் தருகிறார்கள். அந்தக் கார்டு வழியாக யாருடைய பணம் போய் வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மோசடிப் பணம் ஓடினால் போலீஸ் தேடி வருவது அட்டைக்குச் சொந்தக்காரரை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் பேங்குக்குப் போய்க் கார்டை நிறுத்திவிட்டு, போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள்.

நகலுக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஐசி காப்பியின் மேல் குறுக்காக இரண்டு கோடு இழுத்து, நடுவில் எந்த வேலைக்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று மலாயில் எழுதுங்கள். முகமும் எண்ணும் தெரிய வேண்டும், ஆனால் அந்தத் தாளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியக் கூடாது. கைப்பேசியில் எல்லாப் பத்திரத்தையும் இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் இருக்கும் முப்பது பேரில் ஒருவர் கைப்பேசி தொலைத்தால் உங்கள் ஐசி தெருவில் கிடக்கும்.

மைகாட் தொலைந்தால் முதல் முறை ஒரு தண்டம், அடுத்தடுத்த முறை அது ஏறிக்கொண்டே போகும். திருட்டு, வழிப்பறி என்றால் போலீஸ் ரிப்போர்ட்டோடு போனால் தண்டம் இல்லை, செயலாக்கக் கட்டணம் மட்டும். எனவே பையைப் பறித்துப் போனால் முதலில் போலீஸ் நிலையம், பிறகு ஜேபிஎன். பிறப்புப் பத்திரம் போனாலும் பயப்படாதீர்கள். பதிவு இலாகாவில் இருக்கிறது, சான்றிட்ட பிரதி கேட்டு வாங்கலாம். படமும் எண்ணும் மின்னஞ்சலில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

கீழே இறங்கும் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களுக்கும்

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் இறங்கிப் பினாங்கு ஃபேக்டரிக்கும் ஷா ஆலாமுக்கும் ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஆறு பேர் ஓர் அறையில். அங்கே எடுத்துப் போக வேண்டியது மைகாட்டும் தேவையான நகல்களும் மட்டும்தான். எஸ்பிஎம் சான்றிதழும் பிறப்புப் பத்திரமும் வீட்டுப் பையில் இருக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு ஒரிஜினல் கேட்டால் அன்று மட்டும் எடுத்துப் போய் அன்றே திருப்புங்கள். மலையில் வீடே இல்லாமல் போனவர்கள், பெற்றோர் லயத்தைக் காலி செய்துவிட்டவர்கள், சொந்த வீடு உள்ள அக்காவிடமோ சித்தியிடமோ பையை ஒப்படையுங்கள். என்னென்ன கொடுத்தோம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் உறவு கெடாது. பிற்காலத்தில் கெடாமல் இருக்கத்தான் அது.

தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த தம்பிகளே, உங்கள் பாஸ்போர்ட் உங்களுடையது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்ற பேச்சு இந்த நாடு முழுக்கக் கேட்கிறது. பாதுகாப்பு வேண்டும் என்றால் சட்டமே வழி சொல்லியிருக்கிறது: தொழிலாளர் தங்குமிடத்தில் ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போட்ட அலமாரி தர வேண்டும், குறைந்தது 0.35 மீட்டர் நீளம், 0.35 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம். 446ஆம் எண் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த விதி அது. பூட்டின் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். பெர்மிட் புதுப்பிக்கக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது எந்தத் தேதியில் வாங்கினார்கள், எப்போது திருப்புவார்கள் என்று கம்பெனிக் கடிதம் கேளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், பெர்மிட் ஒட்டிய பக்கம், நாட்டுக்குள் நுழைந்த முத்திரைப் பக்கம் மூன்றையும் படம் எடுத்து ஊரில் அண்ணனுக்கோ மனைவிக்கோ அனுப்பி வையுங்கள். தொலைந்தால் வரிசை இது: போலீஸ் ரிப்போர்ட், கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம், பிறகு குடிநுழைவு இலாகா. ஊரை விட்டுக் கிளம்பும் முன் எடுத்த பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டுத் தாளும் வேலை ஒப்பந்தமும் அதே படங்களோடு இருக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ உண்டு, 2025 அக்டோபர் சம்பளம் முதல் ஈபிஎஃப்பும் உண்டு. இரண்டு எண்ணையும் எழுதி வைக்காமல் ஊர் திரும்ப விமானம் ஏறாதீர்கள்.

சாவியைக் கொடுக்கும் நாள்

அறுபது வயதில் வேலை முடியும் என்று தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பே ஆபீசில் சேவைக் காலக் கடிதம் கேளுங்கள். சேர்ந்த தேதி, விலகும் தேதி, செய்த வேலை, கம்பெனி முத்திரை. கிராணி பிஸி என்றால் மறுபடி போங்கள். லயத்தைக் காலி செய்த 30 நாளுக்குள் மைகாட் விலாசத்தை மாற்ற வேண்டும். அந்த விலாசத்தை வைத்துத்தான் வாக்காளர் தொகுதியும் முடிவாகிறது. பதினெட்டு வயதானவர்கள் தானாகப் பதிவாகும் முறை 2021 டிசம்பரில் வந்தது, பழைய விலாசத்தோடு இருந்தால் ஓட்டுப் போட மலைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். உதவித்தொகைக் கடிதம், பேங்க் கடிதம், கோர்ட் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கேட்பாரற்றுக் கிடப்பதும் இதனால்தான். நிலையான வீடு கிடைக்கும்வரை ஒரே ஓர் உறவினர் விலாசத்தை எல்லா இடத்திலும் கொடுங்கள், இடத்துக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள்.

ஈபிஎஃப்பில் நாமினி பெயரைச் சரிபாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நாமினி என்பவர் பணத்துக்கு உரியவர். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, மனைவி மூன்று பிள்ளைகள் வந்த பிறகும் மாற்றாதவர்கள் நிறையப் பேர். சொக்சோவில் கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் பென்ஷனுக்குக் கல்யாணப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் கேட்பார்கள், பதியாத கல்யாணம் மறுபடி அங்கே வந்து நிற்கும். பை எங்கே தொங்குகிறது, மின்னஞ்சலின் கடவுச்சொல் என்ன, எந்தத் தாள் யார் பெயரில் இருக்கிறது என்பதை மனைவியோ கணவரோ ஒருவரும், வளர்ந்த பிள்ளை ஒருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்துப் பையைக் கொட்டி, அவர்களை உட்கார வைத்துத் தாள் தாளாகச் சொல்லிக் கொடுங்கள்.